கழுவிக் கொண்டுவந்த வண்டி

புதிதாக நம் கார் ஏசி பட்டறைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு,

அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டுவது, குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வேக்கம் இழுப்பது, எந்த வண்டிக்கு எவ்வளவு கேஸ் பிடிக்கும் என்பதையெல்லாம் ஜாபர் சொல்லித் தருவான். அந்த வேலைகளில் என்னைவிட அவன் கை சுத்தம். நான் சொல்லித்தர வந்தால், "டிப்ளமா வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கடா" என்று உங்கள் முன்னாலேயே கேலி செய்வான். அதனால் நான் எழுதித் தருகிறேன். எழுத்தை அவனால் பாதியில் வெட்ட முடியாது.

நான் ஓய்வு பெற்ற பெரியவன் இல்லை. உங்களைவிடச் சில வருடம் முன்னால் இந்த சிங்காநல்லூர் பட்டறைக்குள் நுழைந்தவன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தறிக்குடோனில் வேலை பார்த்தவர்கள். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது அம்மா தெருவெல்லாம் ஒன்று சொல்லிக்கொண்டு போனார்: "எங்க பையன் படிக்கறானுங்க, இனி அவன் கையில தப்பு வராது." அம்மா சந்தோஷத்தில் சொன்னது. எனக்கு அது இன்றைக்கும் நெஞ்சில் கல் மாதிரி கிடக்கிறது. ஒவ்வொரு வண்டியை வெளியே அனுப்பும்போதும், "தப்பு வந்திருமோ?" என்று இன்னொரு முறை பானெட்டைத் திறந்து பார்ப்பேன்.

ஏசி வேலை என்றால் சொகுசு வேலை என்று ஊரில் நினைக்கிறார்கள். ஏசி ஓடாவிட்டால் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகலாம், யாரும் செத்துவிட மாட்டார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு சித்திரை மாதத்து மதியம் வரைக்கும்.

அன்றைக்கு முதலாளி ஊரில் இல்லை. நானும் ஜாபரும்தான். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி ஒன்று திருச்சி ரோட்டிலிருந்து நேராகப் பட்டறைக்குள் வந்து குலுங்கி நின்றது. எல்லாக் கண்ணாடியும் இறக்கியிருந்தது. வண்டி நிற்பதற்குள் பின்கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மா இறங்கினார். தோளில் நாலைந்து வயதுப் பெண் குழந்தை. குழந்தை தொப்பலாக நனைந்திருந்தது. அம்மா இன்னொரு கையில், துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிப்பார்களே, அந்த மாதிரிப் பாட்டில் வைத்திருந்தார். நடந்துகொண்டே குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, ஏசி ரூம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

ஊருக்கெல்லாம் ஏசி பார்க்கும் நம் பட்டறையில் ஏசி ரூம் இல்லை. தகரக் கொட்டகையும் ஒரு பெடஸ்டல் ஃபேனும்தான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"புள்ளைக்கு என்னங்க?"

"இவளுக்கு வேர்க்காதுங்க. பொறவியிலயே வேர்வைச் சுரப்பி இல்லீங்க. சூடு உள்ளயே நின்னுபோயிரும். சூலூர் தாண்டறப்ப ஏசி நின்னுபோச்சு. ஒடம்பத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். வெயிலில் நின்ற வண்டியின் பானெட் மாதிரி இருந்தது. குழந்தை அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மெல்லிய தலைமுடி நெற்றியில் ஒட்டியிருக்க, கண்ணை அரைகுறையாகத் திறந்து என்னைப் பார்த்தது.

ஓட்டி வந்தவர் அதன் அப்பா, செந்தில். பல்லடம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். அம்மா பெயர் கோகிலா. குழந்தை யாழினி. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது செந்தில் அண்ணன் சொன்னது ஒன்றுதான்: "கேஸ் மட்டும் போட்டு உடுங்க தம்பி. கால் மணி நேரத்துல கெளம்போணும். ஆஸ்பத்திரில டாக்டர் காத்துட்டு இருப்பாரு."

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். இப்படி ஒருவர் நம் முன்னால் நிற்கும்போது கை தானாக கேஸ் சிலிண்டரை நோக்கிப் போகும். என் கையும் போனது. ஜாபர் கேஜை மாட்டியே விட்டான். ஆனால் வண்டிதான் அவசரம் என்று நாம் நினைப்பது பழக்கத்தால். அங்கே அவசரம் குழந்தை. வண்டியைச் சரிசெய்து அதன் வழியாகக் குழந்தையைக் குளிர்விப்பது சுற்றுவழி. அது எனக்கு உடனே தோன்றவில்லை. சிலிண்டர் வால்வில் கை வைத்த பிறகுதான் தோன்றியது.

கொட்டகை ஓரத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. காலையில்தான் ஏசி வேலை முடித்திருந்தோம். வங்கியில் அதிகாரியாக இருக்கும் ஒரு அம்மாவின் கார். சாயங்காலம் வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். வாடிக்கையாளர் வண்டியில் வேறு ஆளை உட்கார வைக்கக் கூடாது என்பது முதலாளி போட்ட முதல் சட்டம்.

"ஜாபர், அந்த வெள்ளைக் காரை வெளிய எடு. புங்க மரத்தடிக்கு."

"டேய், மொதலாளி என்னைய உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவாரு."

"என்னைய உரிக்கட்டும். எடு."

கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டால் புகை உள்ளேயே நிற்கும், அதனால்தான் வெளியே. ஏசியை முழுசாக வைத்தோம். கோகிலா அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். நனைந்த உடம்பில் குளிர்ந்த காற்று படப்பட குழந்தையின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். செந்தில் அண்ணன் என் பக்கத்தில் நின்றார்.

எங்கள் கெட்ட நேரமோ நல்ல நேரமோ, கார்க்கார அம்மா சாயங்காலம் வரை காத்திருக்காமல் அப்போதே ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"யாருங்க அது, என் வண்டியில?"

சொன்னேன். சீட் நனைந்திருப்பதை அவர் எட்டிப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"கேக்க நேரமில்லீங்க மேடம்."

"பாப்பாவ உக்கார வெச்ச பிறகு நேரம் இருந்துச்சுல்ல? போன் பண்ணியிருக்கலாமில்ல?"

அவர் சொன்னது சரி. நீங்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அவசரத்தில் ஒரு சட்டத்தை மீறினால், அவசரம் தணிந்த அடுத்த நிமிடம் சம்பந்தப்பட்டவரிடம் நீங்களே சொல்லிவிட வேண்டும்.

அவர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கண்ணாடியை விரல் அகலம் இறக்கி, "எந்த ஆஸ்பத்திரி?" என்றார். குழந்தையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயே விட்டார். போகும்போது ஜாபரிடம், "ஏசி நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார். ஜாபர் சலாம் வைத்தான்.

செந்தில் அண்ணன் வண்டியோடு தங்கிவிட்டார். அவர்கள் டாக்டரைப் பார்த்து முடிப்பதற்குள் வண்டி தயாராக வேண்டும். அதுதான் அவர் எங்களுக்குக் கொடுத்த நேரம்.

வண்டியின் கதையைக் கேட்டேன். மாசி மாதத்திலிருந்தே கேஸ் நிற்பதில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் நிரப்பிக் கொடுப்பார்கள், கொஞ்ச நாள் ஓடும், மறுபடி காற்று சூடாகிவிடும். "பழைய வண்டிங்கண்ணா, அப்படித்தான் இருக்கும்" என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். இவரும் எல்லாரிடமும் "சரிங்க, சரிங்க" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார். நம் ஊர் மரியாதை அப்படி. ஒரு கடைக்காரரிடம் போய், "போன தடவை நீங்க பண்ணது நிக்கல" என்று சொல்லக்கூட இவருக்குக் கூச்சம். ஒவ்வொரு தடவையும் வேறு கடைக்குப் போயிருக்கிறார். அதனால் எந்தக் கடைக்காரருக்கும் தன் வேலை நிற்கவில்லை என்பது தெரியாமலே போயிருக்கிறது.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். கேஸ் நிரப்பும் வால்வில் சின்னதாக நுரை கட்டியது. மாற்றி மாற்றி நிரப்பியதில் அது தேய்ந்திருக்க வேண்டும்.

"கெடச்சிருச்சு!" என்றான் ஜாபர். "வால்வை மாத்தறோம், கேஸ் போடறோம், அண்ணன் ஊட்டுக்குப் போறாரு, நாம டீ குடிக்கப் போறோம்."

செந்தில் அண்ணன் முகம் மலர்ந்தது. "படிச்ச புள்ளைங்க கையில குடுத்தா இதுதானுங்க. மத்தவங்க யாரும் இந்த சோப்புக்கூட அடிச்சுப் பாக்கல."

அந்த வார்த்தையில்தான் எனக்கு வியர்த்தது. அவ்வளவு சின்ன ஒழுக்கில் கேஸ் இத்தனை வேகமாகப் போகுமா? போகலாம். போகாமலும் இருக்கலாம். வேறு எந்த வண்டியாக இருந்தாலும் அந்த "போகலாம்" எனக்குப் போதும். மறுபடி நின்றால் திரும்பக் கொண்டுவரட்டும் என்று அனுப்பியிருப்பேன். இந்த வண்டியில் ஏசி மறுபடி நின்றால் எங்கே நிற்கும்? சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவே, மதியத்தில், நிழல் இல்லாத இடத்தில். உள்ளே அந்தக் குழந்தையோடு.

தம்பிகளா, முதலில் கிடைக்கும் காரணத்தில் மனசு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். எழுப்புவது கஷ்டம். பக்கத்தில் ஒருவர் சந்தோஷமாக நின்றால் இன்னும் கஷ்டம்.

"ஒரு நிமிஷம் இருங்ணா" என்று சொல்லிவிட்டு வண்டியை மறுபடி சுற்றி வந்தேன். ஜாபர் இடுப்பில் கை வைத்து, "என்னடா, பிரதட்சணமா?" என்றான். நான் தேடியது எண்ணெய்க் கறை. நீங்களும் வந்த முதல் வாரமே கற்றிருப்பீர்கள்: கேஸ் தனியாகப் போகாது, கம்ப்ரஸர் எண்ணெயையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகும். ஓட்டை இருக்கும் இடத்தில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, கறுப்பாக ஒரு கறை நிற்கும். இந்த வண்டியில் எங்கேயும் கறை இல்லை. குழாயில் இல்லை, கம்ப்ரஸரில் இல்லை. அதுவரைக்கும் அதை நல்ல சேதியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் உறைத்தது. கறை மட்டுமா இல்லை? அழுக்கே இல்லை. கோழிப்பண்ணை மண்ரோட்டில் தினமும் ஓடும் பழைய டீசல் வண்டி. அதன் இன்ஜின் கல்யாண வீட்டு அண்டா மாதிரிப் பளபளவென்று இருந்தது.

"அண்ணா, வண்டிய எங்க கழுவறீங்க?"

அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "நானேதானுங்க. எந்தக் கடைக்குப் போனாலும் மொதல் நாளே பானெட்டத் தூக்கி, பிரஷர் தண்ணி அடிச்சு, சுத்தமாக் கழுவித்தான் கொண்டுபோவனுங்க. அழுக்கு வண்டியக் கொண்டுபோய் இன்னொருத்தர் கையில குடுக்கறது மருவாதியா இருக்குமுங்களா?"

ஜாபர் என்னைப் பார்த்தான். நான் ஜாபரைப் பார்த்தேன். இந்த மனிதர் போன கடைகளிலெல்லாம் எங்கே ஒழுகுகிறது என்று காட்டும் ஒரே சாட்சியை, கடைக்காரர் கை அழுக்காகக் கூடாது என்ற மரியாதைக்காக, முதல் நாளே கழுவி விட்டிருக்கிறார்.

"ஆனா இன்னைக்கு நீங்க கடைக்கு வரணும்னு கெளம்பலையே. ஆஸ்பத்திரிக்குத்தான கெளம்புனீங்க. இன்னைக்கும் சுத்தமா இருக்குதுங்களே?"

"அது கேட்டுல மருந்து அடிப்பாங்கல்லங்க. அடியிலிருந்து இன்ஜின் வரைக்கும் அதுவே கழுவிப்போடுமுங்க."

"என்ன மருந்து?"

அவர் விளக்கினார். பண்ணைக்குள் எந்த வண்டி நுழைந்தாலும் கேட்டில் நிறுத்தி, கோழிகளுக்கு வெளிநோய் வராமல் இருக்கக் கிருமிநாசினி அடிப்பார்கள். தீவன லாரிக்கும் உண்டு, முட்டை வண்டிக்கும் உண்டு. அவர் குடும்பம் பண்ணைக்குள் இருக்கும் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறது. கடைக்குப் போய் வந்தாலும், கோயிலுக்குப் போய் வந்தாலும், திரும்பி நுழையும்போது இவர் வண்டிக்கும் அடி விழும்.

"எந்தப் பக்கம் அடிப்பாங்க?"

"சக்கரத்துக்கு, அடியில, அப்புறம் முன்னாடி கிரில்லுலயும். சூப்பர்வைசர் வண்டின்னு சலுகை காட்டறான்னு யாரும் சொல்லிப்போடக் கூடாதுங்களே. என் வண்டிக்கு மட்டும் ரெண்டு தடவை அடிக்கச் சொல்லியிருக்கறேனுங்க."

"அந்த மருந்து எப்படி வாசம் அடிக்கும்?"

"பிளீச்சிங் பவுடர் வாசந்தானுங்க."

நான் ஸ்பேனரை எடுத்தேன். முன் பம்பரைக் கழற்றினோம். ரேடியேட்டருக்கு முன்னால் கண்டன்சர் நிற்கும். கேஸின் சூட்டை வெளியே தள்ளும் அலுமினியச் சல்லடை அது. மேல் பாதி நன்றாக இருந்தது. நாங்கள் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்ததும் கை எட்டிய அந்த மேல் பாதியைத்தான். பம்பருக்குப் பின்னால் மறைந்திருந்த கீழ் மூலை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. நகத்தால் தொட்டேன். விபூதி மாதிரி உதிர்ந்தது. பிளீச்சிங் மருந்து அலுமினியத்தை அரித்துத் தின்றிருந்தது.

அதன்மேல் சோப்புத் தண்ணீர் அடித்தோம். நுரை ஒரே இடத்தில் கட்டவில்லை. மூலை முழுக்கப் பாசிமணி கோத்த மாதிரி மெதுவாக எழும்பிக்கொண்டே இருந்தது.

செந்தில் அண்ணன் குனிந்து பார்த்தார். நிமிரவேயில்லை.

"நானே அடிக்கச் சொன்னனுங்களே தம்பி. ரெண்டு தடவை."

இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்வது என்று பாலிடெக்னிக்கில் கிடையாது. "உங்களுக்குத் தெரியாதுங்களே" என்று சொல்லலாம். அது அவருக்கு எட்டாது. நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "இன்னைக்கே தெரிஞ்சுபோச்சுங்ணா. நாளைக்கு நடுரோட்டுல தெரிஞ்சிருந்தா?" என்றேன். அவர் தலையை ஆட்டினார். கேட்டாரா என்று தெரியாது.

சண்டை வந்தது அதற்குப் பிறகுதான். புது கண்டன்சர் கடைகளில் கையிருப்பில் இல்லை. சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். ஜாபர் உக்கடத்துக்காரன், அங்கே உள்ள பழைய வண்டிச் சாமான் கடைகள் அவனுக்கு அத்துப்படி. "ஒரு மணி நேரம் குடு. இதே வண்டியோட பழைய கண்டன்சர் தூக்கிட்டு வாரேன்" என்றான். செந்தில் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அதையே போட்டு உடுங்க தம்பி. இன்னைக்கு ஊட்டுக்குப் போயிட்டாப் போதுமுங்க."

"அது எந்த வண்டியில, எப்படி அடி வாங்கிக் கெடந்துதோ தெரியாதுங்ணா."

"ஓடாமயா விப்பாங்க?"

"ஓடும். எத்தனை நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது. உங்க வண்டியில அந்த வார்த்தையச் சொல்ல எனக்குப் பயமா இருக்குதுங்ணா."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நம்ம பக்கத்துக் கோபம் உங்களுக்குத் தெரியும். குரல் உயராது, 'ங்க' மட்டும் கூடும். "சரிங்க. நீங்க படிச்சவிங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா. எங்களைத்தான் போறதுக்கு வண்டி இல்லாம உட்டுப்போட்டீங்க, பரவால்லீங்க. ராத்திரி யாழினி அம்மணிக்குக் காச்சல்னா அந்தப் பண்ணைக் காட்டுக்குக் கூப்புட்ட ஒடனே எந்த டாக்ஸியும் வராதுங்க. அதையும் சொல்லிப்போடறேனுங்க."

ஒத்துக்கொண்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒத்துக்கொண்டால் அவர் சிரித்துக்கொண்டு போவார். மறுத்தால் வருத்தப்பட்டுக்கொண்டு போவார். அன்றைக்கு வருத்தம்தான் பாதுகாப்பு. அதை நன்றாகத் தெரிந்துகொண்டே அவர் முகத்தைப் பார்த்து மறுபடி மறுப்பது இருக்கிறதே, கம்ப்ரஸரைத் தனியாளாக இறக்குவதைவிட அது பாரம்.

"அண்ணா, வண்டி வர்ற வரைக்கும் பாப்பா காட்டுக்குப் போகவே வேண்டாம். டவுன்ல சொந்தக்காரங்க யாரும் இல்லீங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழந்தைக்குச் சூடு இறங்கிவிட்டதென்று சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து கோகிலா அக்கா போனில் கூப்பிட்டபோது ஸ்பீக்கரில் போட்டார். நான் கேட்டதையே அவரிடமும் கேட்டேன்.

"மதுக்கரையில எங்கண்ணன் இருக்குது. ரூம்ல ஏசி இருக்குது. இவருதான் போக மாட்டாரு."

"மச்சான் ஊட்டுக்கு வெறுங்கையோட போய் நிக்கச் சொல்றியா?"

"வெறுங்கையோட எதுக்கு? புள்ளையோட வாங்க."

ஜாபர் சிரிப்பை அடக்க முடியாமல் கொட்டகைக்குப் பின்னால் ஓடினான். செந்தில் அண்ணன் பக்கத்து பேக்கரியில் மிச்சரும் பழக்கடையில் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு, ஏசி டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

சில நாளில் புது கண்டன்சர் வந்தது. மாட்டினோம். வால்வையும் மாற்றினோம். வேலை முடிந்தபோது சாயங்காலம், நல்ல காற்று. ஏசி அருமையாக இருந்தது. நான் அப்போது கொடுக்கவில்லை. சாயங்காலக் காற்றில் எந்த ஏசியும் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் உச்சிவெயிலில் நானே ஓட்டிக்கொண்டு பல்லடம் வரைக்கும் போனேன். சூலூரில் வேண்டுமென்றே வெயிலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். கண் இன்ஜின் சூடு காட்டும் முள்ளிலேயே இருந்தது. அந்தச் சில்லென்ற காற்றில் உட்கார்ந்து எனக்கு முதுகெல்லாம் வேர்த்தது.

பண்ணை கேட்டில் நான் வருவதைப் பார்த்ததும் வாட்ச்மேன் பழக்கதோஷத்தில் ஸ்பிரே கன்னோடு எழுந்து வந்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

கத்தியது நான் இல்லை. உள்ளேயிருந்து செந்தில் அண்ணன் ஓடிவந்தார். மருந்து அடிப்பதை அவரால் நிறுத்த முடியாது. அது பண்ணையின் சட்டம், ஷெட்டில் இருக்கும் அத்தனை கோழிக்கும் அதுதான் காவல். அதனால் வண்டியை உள்ளே கொண்டுபோவதையே விட்டுவிட்டார். கேட்டுக்கு எதிரே, ரோட்டோரத் தறிக்குடோனின் சுவரை ஒட்டி, மூன்று பக்கமும் திறந்தபடி ஒரு கூரை போட அனுமதி வாங்கியிருந்தார். வண்டி இனி அங்கேதான் நிற்கும். குவார்ட்டர்ஸிலிருந்து அதுவரைக்கும் குழந்தையை ஈரத்துண்டு போர்த்தித் தூக்கி வருவார்கள். இதையெல்லாம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். கடைசியில் மட்டும், "சாப்புட்டுப் போலாமுங்க தம்பி" என்றார். அதைத்தான் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

வைகாசியில் ஒரு நாள், இதே மாதிரி மதியம். நான் ஒரு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். போன் அடித்தது. அவர் பெயரைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் தலை ஸ்டியரிங்கில் இடித்தது.

"தம்பி, செந்தில் பேசறேனுங்க. கரண்டு இல்லீங்க. டிரான்ஸ்ஃபார்மர் போயிருச்சாமா. இன்வெர்ட்டரும் எறங்கிப்போச்சு. அம்மணியக் கொண்டாந்து வண்டியில உக்கார வெச்சிருக்கறோமுங்க."

"ஏசி வருதுங்களா?"

"வருதுங்க. நிறுத்தியே வெச்சு எவ்வளவு நேரம் ஓட்டலாமுங்க?"

எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் அந்த வண்டிக்கு, அந்த வெயிலுக்கு, அந்தக் குழந்தைக்கு விடை போட்டிருக்கவில்லை. தெரியாது என்று சொன்னால் அவர் பயந்துவிடுவார். தெரியும் என்று சொன்னால் அது பொய்.

"போனை வைக்காதீங்ணா. நான் லைன்லயே இருக்கறேன். கூரைக்கடியிலதான நிக்குது? புகைக்குழாய்ப் பக்கம் அடைப்பு ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்லீங்க. தொறந்துதான் கெடக்குது."

"பானெட்டத் தூக்கி வெச்சிருங்க. சூடு முள்ளு எங்க நிக்குது?"

"பாதிக்குக் கீழதானுங்க."

"அதையே பாத்துட்டு இருங்க. பாதியத் தாண்டுனா சொல்லுங்க."

ஜாபர் வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். போனில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் "முள்ளு?" என்பேன். அவர் "அங்கயேதானுங்க" என்பார். மறுபடி இன்ஜின் சத்தம். என் உள்ளங்கை ஈரத்தில் போன் வழுக்கியது. கரண்டு வரவில்லை. "முள்ளு?" "அங்கயேதானுங்க." ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். ஜாபர் கையாலேயே அவரை உட்காரச் சொன்னான்.

அப்புறம் பின்னாலிருந்து மெல்லிசாக அந்தக் குழந்தையின் குரல் கேட்டது.

"அப்பா, குளிருதுங்கப்பா."

அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு என்னிடம் கேட்டார்:

"தம்பி, கம்மி பண்ணட்டுமுங்களா?"

"ஒரு நம்பர் மட்டும் கம்மி பண்ணுங்ணா" என்றேன். "முள்ளைப் பாத்துட்டே பண்ணுங்க."